பருவத்திற்கேற்ற யோகநெறி

உடம்பு உயிர் குடியிருக்கும் இல்லம் மட்டுமன்று. இறைவன் எழுந்தருளியிருக்கும் திருக்கோயிலும் அதுவே என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. முதலில் உடம்பை இழிவுடையதென்று எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருத்தலைக் கண்டு, அன்று முதல் அதனைப் பேணி வருவதாகத் திருமூலர் அருளிச் செய்தார். கற்கோயிலில் சிறு விரிசல் தோன்றினும் நாம் திருப்பணிக்கு முற்படுகிறோம்; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கும் நடத்துகிறோம். உடம்பாகிய கோயிலுக்கும் திருப்பணி வேண்டுமன்றோ? அத்திருப்பணிகளுள் தலையாய ஒன்று யோகம்.

ஆயினும் எல்லாக் கோயில்களுக்கும் ஒரே வகைத் திருப்பணி பொருந்துவதில்லை. புதிதாக எழும் கோயிலுக்கு வேண்டுவது உறுதியான கடைக்கால். நாள்தோறும் பூசையும் விழாவும் நிகழும் கோயிலுக்கு வேண்டுவது இடையறாப் பராமரிப்பு. ஆயிரம் ஆண்டு கடந்த கற்றளிக்கோ மிகுந்த எச்சரிக்கையோடு கூடிய மென்மையான கையாளுகை வேண்டும். அங்கே உளியை ஓங்கி அடிப்பவன் திருப்பணி செய்பவன் அல்லன். யோகமும் இத்தகையதே. சிறுவனுக்கு ஏற்றது முதியவருக்கு ஊறு விளைக்கலாம். முதியவருக்கு ஏற்றது சிறுவனுக்குச் சலிப்பூட்டலாம். பருவமறிந்து செய்யும் யோகமே பயன் தரும் என்பதை அன்பர்கள் உளங்கொள்ளல் வேண்டும்.

யோகம் என்பது யாது?

யோகம் என்னும் சொல்லுக்குச் சேர்க்கை, ஒன்றுதல் என்பன பொருள். மனம் ஒருநிலைப்பட்டு இறையோடு ஒன்றுதலே அதன் முடிந்த பயன். அப்பயனை அடைவதற்கு எட்டுப் படிகள் வகுக்கப்பட்டுள்ளன. தீயன விலக்கல் இயமம். நல்லன பயிலல் நியமம். உடலை நிலைபெற இருத்தல் ஆசனம். மூச்சை நெறிப்படுத்தல் பிராணாயாமம். புலன்களை உள்நோக்கித் திருப்பல் பிரத்தியாகாரம். மனத்தை ஓரிடத்தே நிறுத்தல் தாரணை. இடையறாது நினைத்தல் தியானம். அதனுள் கரைந்து நிற்றல் சமாதி. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இவ்வெட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கிறது.

தில்லையில் ஆடல்வல்லானின் திருக்கூத்தைக் கண்டவராகப் போற்றப்பெறும் பதஞ்சலி முனிவர் பெயரால் வழங்கும் யோக சூத்திரத்தில் இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்றே. ஆசனம் நிலையானதாகவும் சுகமானதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அங்குக் கூறப்படும் இலக்கணம். உடலை எவ்வளவு வளைக்க இயலும் என்பது அளவுகோலாகக் கூறப்படவில்லை. திருமூலரும் ஆசனங்களை எடுத்தோதுங்கால் பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம் முதலியவற்றோடு சுகாதனத்தையும் சேர்த்தே கூறினார். எவ்விதத் துன்பமுமின்றி இயல்பாக அமர்ந்திருக்கும் எளிய இருக்கையே சுகாதனம். அதுவும் உயர்ந்த ஆசனங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருத்தலை எண்ணிப் பார்த்தல் நலம்.

மூன்று நிலைகள்

பருவத்திற்கேற்ற யோகம் என்னும் கருத்தை இருபதாம் நூற்றாண்டில் தெளிவாக எடுத்துரைத்தவர் திருமலை கிருஷ்ணமாசாரியர். 1888ஆம் ஆண்டு கருநாடகத்தில் பிறந்த இப்பெரியார், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்தளித்த நாதமுனிகளின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கருதியவர். காட்டுமன்னார்கோயிலில் தோன்றிய நாதமுனிகள் யோகத்திலும் வல்லவர் என்பது வைணவ மரபு. அவர் அருளியதாகக் கொள்ளப்படும் யோக ரகசியம் என்னும் நூலைக் கிருஷ்ணமாசாரியர் தம் மாணாக்கர்க்குப் பாடஞ்சொன்னார்.

மைசூர் மன்னரின் ஆதரவால் 1933ஆம் ஆண்டு ஜகன்மோகன் அரண்மனையில் அமைந்த யோகசாலையில் இவர் ஆசிரியராக விளங்கினார். அங்குப் பயின்றோருள் பெரும்பாலோர் சிறுவரும் இளைஞருமே. ஆதலின் தாவுதல், விரைந்து நிலை மாறுதல், தொடர்ச்சியாகப் பல ஆசனங்களைச் செய்தல் எனத் துடிப்புமிக்க பயிற்சியை அவர்கட்கு அளித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பட்டாபி ஜோயிஸ், ஐயங்கார் ஆகியோர் தம் இளமையில் இவரிடம் பயின்றவர்களே.

1950களின் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து குடியேறினார். இங்கு அவரை நாடி வந்தவர்களுள் அலுவலில் உழல்வோரும், நோயுற்றோரும், முதியோரும் இருந்தனர். அவர்களுக்கு மைசூர்ச் சிறுவர்களின் பயிற்சியை அவர் அப்படியே கற்பிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே அமர்த்தி, நாடி பார்த்து, வயதும் தொழிலும் உடல்நிலையும் கேட்டறிந்து, அவரவர்க்கு ஏற்றதை மட்டுமே வகுத்தளித்தார். ஆசிரியர் ஒருவரே, நெறி ஒன்றே, பயிற்சியோ ஆளுக்கு ஆள் வேறு. இக்கொள்கையை அவர்தம் மைந்தர் தேசிகாசார் 1976ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாசாரிய யோக மந்திரம் தொடர்ந்து கற்பித்து வருகிறது.

மனித வாழ்வை அவர் மூன்று நிலைகளாகப் பகுத்தார். வளரும் பருவம் சிருட்டி. நிலைபெறும் பருவம் திதி. ஒடுங்கும் பருவம் இலயம். படைத்தல், காத்தல், ஒடுக்கல் என்னும் இறைவனின் தொழில்கள் உலகத்தில் நிகழ்வதுபோல் ஒவ்வோர் உடம்பிலும் நிகழ்கின்றன என்று கொள்ளலாம்.

வளரும் பருவம்

ஓடியாடித் திரிதல் சிறுவர்தம் இயல்பு. அவர்களை நெடுநேரம் கண்மூடி அமர்த்துதல் அவ்வியல்புக்கு மாறானது. நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் 5 முதல் 17 வயது வரையுள்ளோர் உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியது. இந்த உழைப்பின் ஒரு பகுதியாக யோகத்தை அமைத்தல் எளிது. சூரிய வணக்கம், ஒற்றைக் காலில் மரம்போல் நிற்கும் விருட்சாசனம், பாம்புபோல் தலையெடுக்கும் புஜங்காசனம், வெட்டுக்கிளிபோல் கால் உயர்த்தும் சலபாசனம், வில்போல் வளையும் தனுராசனம் ஆகியன சிறுவர்க்கு விளையாட்டாகவே அமையும். பிள்ளையார் திருமுன் இடும் தோப்புக்கரணமும் முழங்காலையும் தொடையையும் வலுப்படுத்தும் நல்ல பயிற்சியே.

இப்பருவத்தில் எலும்புகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பத்மாசனம் வரவில்லையென்று பிள்ளையின் காலைப் பிடித்து முறுக்குதல் பெருந்தவறு. மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சியும் சிறுவர்க்கு வேண்டுவதில்லை. மேடையேறிப் பரிசு பெறுவதற்காக உடலை வருத்தும் போட்டியும் யோகமாகாது.

புத்தகப் பையின் சுமையாலும், கைப்பேசியைக் குனிந்து நோக்கும் வழக்கத்தாலும் இக்காலப் பிள்ளைகளின் கழுத்தும் முதுகும் வளைகின்றன. முதுகை நிமிர்த்தும் ஆசனங்கள் அவ்வளைவைத் தடுக்கும். தேர்வுக் காலத்தில் நெஞ்சு படபடக்கும் மாணவன், கண்மூடி இருபது மூச்சை மெல்ல எண்ணக் கற்றிருப்பானாயின், அது அவனுக்கு வாழ்நாள் முழுவதும் துணையாகும். இவற்றினும் மேலானவை இயமமும் நியமமும். பொய்யாமை, பிறர் பொருளை விரும்பாமை, தூய்மை ஆகியவற்றைப் பழக்கும் பருவம் இதுவே.

நிலைபெறும் பருவம்

கல்வி முடித்துத் தொழிலும் இல்லறமும் ஏற்ற பின்னர், உடலைப் புதிதாக வளர்ப்பதைக் காட்டிலும் வளர்த்ததைக் காப்பதே முதன்மையாகிறது. எலும்பின் திண்மை முப்பது வயது அளவில் உச்சத்தை எய்திப் பின்னர் மெல்லக் குறையும். தசையின் வலிமையும் அவ்வாறே தேயத் தொடங்கும். நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரிவோர்க்கு இடுப்பு வலியும், நின்றே பணிபுரிவோர்க்குக் கால் வலியும் தோன்றுகின்றன. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் இப்பருவத்திலேதான் ஓசையின்றி உடம்பினுள் நுழைகின்றன.

இல்லறத்தார்க்கு நேரம் அரிது. விடியலில் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், அலுவலுக்கு விரைதல் எனக் கழியும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் பலர்க்கும் இயலாது. இயலாத ஒரு மணி நேரத்தை எண்ணி ஏங்குவதைவிட, இயலும் இருபது நிமிடத்தை நாள்தோறும் கடைப்பிடித்தல் மேலானது. நின்று செய்யும் திரிகோணாசனம், முதுகை நிமிர்த்தும் புஜங்காசனம், உடலை மெல்லத் திருகி அமரும் ஆசனம் ஒன்று, இறுதியில் சவாசனம் என நான்கு அமைந்தாலும் போதும். எஞ்சிய ஐந்து நிமிடம் மூச்சுக்கு உரியது.

மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம். இவற்றிற்கு முறையே 16, 64, 32 என மாத்திரை அளவு கூறினார் திருமூலர். அது குருவின் அருகிருந்து நெடுங்காலம் பயின்றோர்க்கு உரியது. நூலைப் படித்துத் தாமே முயல்வதற்கு உரியதன்று. இல்லறத்தார் மூச்சை அடக்காமலே பயன் பெறலாம். மனத்துள் நான்கு எண்ணும் அளவு உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு வெளிவிட்டால், ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 10 நொடி ஆகும். அமைதியாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுவோர், இவ்வாறு 6 முறையாகக் குறைத்துப் பயில்வாராயின், இதயத் துடிப்பு அமைதியுறும்; இரத்த அழுத்தமும் ஓரளவு தணியும். இதனை மருத்துவ ஆய்வுகளும் கண்டுள்ளன. எனினும் மருத்துவர் அளித்த மாத்திரையை இதனை நம்பி நிறுத்தலாகாது. யோகம் மருந்துக்குத் துணையே தவிர மாற்றன்று.

அலுவலில் ஏற்பட்ட சினத்தை இல்லத்திற்குக் கொண்டுவந்து மனைவி மக்கள்மீது காட்டுதல் பல குடும்பங்களில் காணும் துன்பம். வாயிலில் காலணியைக் கழற்றும்போதே பத்து மூச்சு நிதானமாக விட்டு உள்ளே நுழையும் பழக்கம் ஒருவர்க்கு அமையுமானால், அந்த இல்லத்தில் உள்ள பிள்ளைகள் அஞ்சாது வளர்வர். இல்லறத்தார் பெறும் யோகப் பயன்களுள் இதனைவிடப் பெரியது வேறில்லை.

மகளிர்க்கு உரியன

மகளிர்தம் உடம்பு இப்பருவத்தில் பல மாறுதல்களை அடைகிறது. மாதவிலக்கு நாட்களில் கடும் பயிற்சி வேண்டா. ஓய்வும் மென்மையான மூச்சுப் பயிற்சியும் போதும். கருவுற்ற காலத்தில் மருத்துவரின் இசைவு பெற்ற பின்னரே எதனையும் தொடங்கல் வேண்டும். வயிற்றை அழுத்தும் ஆசனங்களும், மூச்சை அடக்குதலும், பிற்பகுதி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து கிடத்தலும் அப்போது தவிர்க்கத்தக்கன. சுவரிற் சாய்ந்து உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து அமரும் பத்திராசனமும், நீண்ட வெளிமூச்சும் இடுப்பைத் தளர்த்தி அச்சத்தைத் தணிக்கும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பின் திண்மை விரைந்து குறைவதுண்டு. அப்போது நின்று செய்யும் ஆசனங்கள் உடலின் எடையை எலும்புகள் தாங்கச் செய்து அவற்றின் வலிமைக்குத் துணை புரியும். குடும்பத்தில் அனைவர்க்கும் உணவும் மருந்தும் நேரத்தில் தரும் தாய், தமக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளல் தன்னலம் ஆகாது. அவ்வொதுக்கீட்டிற்குக் குடும்பத்தார் இடமளித்தல் அவர்தம் கடமை.

ஒடுங்கும் பருவம்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழியைச் சொல்லி, முதியோர் பலர் யோகம் தமக்கு உரியதன்று என ஒதுங்கிவிடுகின்றனர். மற்றொரு சாரார், தொலைக்காட்சியில் இளைஞர் செய்வதைக் கண்டு தாமும் தலைகீழாக நிற்க முயன்று கழுத்தை வருத்திக்கொள்கின்றனர். இரண்டும் ஒரு பிழையிலிருந்தே தோன்றுவன. உடலை வளைத்தலே யோகம் என்று கருதுவதே அப்பிழை. ஐம்பதில் வளையாமற் போகலாம். ஆனால் எழுபதிலும் மூச்சை நீட்டலாம். எண்பதிலும் மனத்தைக் குவிக்கலாம். எண்படிகளுள் மேற்படிகள் முதுமைக்கே பெரிதும் வாய்ப்பானவை. ஓய்வும், தனிமையும், உலகியல் ஆசைகளின் தணிவும் ஒருங்கே அமைவது அப்பருவத்தில்தானே!

முதுமையில் உடலளவில் முதற்கண் வேண்டுவது தடுமாறி விழாமை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அன்று முதல் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளான பெரியோர் எத்தனை பேர்! 65 வயது கடந்தோர் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சி செய்தல் நன்று என்பது மேற்சொன்ன 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் மற்றொரு பகுதி. சுவரையோ உறுதியான நாற்காலியின் முதுகையோ பற்றிக்கொண்டு, ஒரு காலைத் தரையிலிருந்து சிறிதே உயர்த்திச் சில நொடிகள் நின்று, பின் மறு காலுக்கு மாறுதல் அத்தகைய பயிற்சியே. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து மீண்டும் அமர்தலும் தொடைகளை வலுப்படுத்தும். தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தே கைகளை மூச்சோடு உயர்த்தித் தாழ்த்தலாம்; கணுக்காலைச் சுழற்றலாம்; முதுகை மெல்ல நிமிர்த்தலாம்.

அதன்பின் மூச்சு. தேனீயின் ரீங்காரம்போல் மெல்லிய ஒலியோடு மூச்சை வெளிவிடும் பிரமரி முதியோர்க்கு ஏற்றது. அவ்வொலியின் இடத்தில் ஐந்தெழுத்தையோ எட்டெழுத்தையோ தம் இட்டதெய்வத்தின் திருப்பெயரையோ அமைத்துக்கொள்ளலாம். அப்போது மூச்சே செபமாகிறது, செபமே தியானமாகிறது. இரவில் உறக்கம் வாராது புரளும் பெரியோர்க்கு இது சிறந்த துணை.

கிருஷ்ணமாசாரியர் தம் 96ஆம் வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தபோது, படுத்தவாறே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டு பயின்றார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அறுவை மருத்துவம் வேண்டாவென அவர் மறுத்ததாகவும் சொல்வர். அது எல்லார்க்கும் உரிய வழியன்று. நாம் கொள்ளத்தக்கது வேறு. மைசூர் அரண்மனையில் இதயத்துடிப்பை அடக்கிக் காட்டியவர் என்றும், அரிய ஆசனங்களில் ஈடற்றவர் என்றும் பெயர் பெற்ற ஒருவர், கையையும் காலையும் சிறிதே அசைக்க இயன்ற நிலையிலும் அதனையே யோகமாகக் கொண்டார். இழந்ததை எண்ணி வருந்தாமல், எஞ்சியதைக் கொண்டு தொடர்ந்தார். நூறாண்டு நிறைவு கண்டு 1989ஆம் ஆண்டு மறைந்தார்.

முன்பு கொடிமரத்தின்கீழ் எட்டுறுப்பும் தோய வீழ்ந்து வணங்கிய பெரியவர், இன்று முழங்கால் வலியால் நின்றபடியே கைகூப்புகிறார். 'வணங்கக்கூட இயலாமற் போயிற்றே' என்று அவர் உள்ளம் கலங்குகிறது. இறைவன் திருமுன் பேரன் இடும் தோப்புக்கரணமும், மகன் செய்யும் நிலம் தோய்ந்த வணக்கமும், அப்பெரியவரின் கூப்பிய கைகளும் ஒரே வழிபாடுதான். இருக்கையில் அமர்ந்து அவர் விடும் நீண்ட மூச்சும் அவ்வாறே முழுமையான யோகம். அதனைக் குறைபட்டதென எண்ணுதல் வேண்டா.

அனைவர்க்கும் பொதுவான நெறிகள்

யோகப் பயிற்சி வெறும் வயிற்றில் செய்யத்தக்கது. முழு உணவு கொண்டபின் மூன்று நான்கு மணி நேரமேனும் கழிதல் வேண்டும். காலையிற் பயிலின் பித்தமும், நண்பகலிற் பயிலின் வாதமும், மாலையிற் பயிலின் ஐ எனப்படும் கபமும் நீங்கும் எனத் திருமூலர் காலத்தையும் பயனையும் இணைத்துக் கூறினார். அவரவர் வாழ்க்கைக்கு இயைந்த பொழுதைத் தேர்ந்து, அப்பொழுதை மாற்றாமல் கடைப்பிடித்தல் நன்று.

உயர் இரத்த அழுத்தமும் இதயநோயும் உடையோர் மூச்சை அடக்குதல் கூடாது. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயுடையோர் தலைகீழாய் நிற்கும் ஆசனங்களை அறவே தவிர்க்க வேண்டும். எலும்பு மெலிந்தோர் முன்னோக்கி மிகக் குனிதல் ஆகாது. ஆசனத்தின்போது கூர்மையான வலியோ, தலைச்சுற்றலோ, நெஞ்சில் அழுத்தமோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக. மூச்சு தடையின்றி ஓடுகிறதா என்பதை நோக்குதலே எளிய அளவுகோல். மூச்சு திணறுமாயின் அந்த நிலை அவ்வுடம்பிற்கு அன்று பொருந்தவில்லை என்பது பொருள்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஜூன் 21ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. 2015 முதல் உலகெங்கும் அந்நாள் கொண்டாடப்படுகிறது. ஒருநாள் விழாவோடு நில்லாது, ஒவ்வோர் இல்லத்திலும் யோகம் நாள்தோறும் நிகழ்தல் வேண்டும். தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் மூச்சை எண்ணியிருக்க, அருகே தாயும் தந்தையும் நிதானமாக ஆசனம் பயில, பிள்ளைகள் பாம்பும் மரமும் வில்லுமாகி மகிழட்டும். அவரவர் பருவத்திற்கு அவரவர் பயிற்சி. உடம்பாகிய திருக்கோயில் எப்பருவத்திலும் வழிபாட்டிற்குரிய இடமாகவே விளங்கத் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.